மழை பெய்த பிறகு

ஆறுதல்புரத்துக் கிணற்றில் தண்ணீர் இருந்தது. கூப்பிடு தூரத்தில் இருந்த ஆலடிவிளைக் கிணற்றில் தண்ணீர் இல்லை. இரண்டு ஊருக்கும் நடுவே செம்மணல் தேரி மட்டும் கிடந்தது.

ஆறுதல்புரம் பழைய ஊர் அல்ல. கும்பினியார் ஆட்சி காலூன்றிய நாட்களில் ஆலடிவிளையிலிருந்து சில குடும்பங்கள் கிறிஸ்து வேதத்தில் சேர்ந்தன. இனிமேல் கோயில் கொடை விழாவுக்கு வரி கொடுக்க மாட்டோம் என்றார்கள். அப்படியானால் ஊர்க் கிணற்றுக் கயிற்றை நீங்கள் தொடக் கூடாது என்றது ஊர். அவர்கள் தேரிக்கு இந்தப் பக்கம் வந்து பனையோலைக் குடிசை போட்டுக்கொண்டு கிணறு வெட்டத் தொடங்கினார்கள். தண்ணீர் ஊறுவதற்குள் கோடை வந்துவிட்டது. ஞானப்பூ என்ற பெண்ணுக்கு அந்தக் கோடையில்தான் பிள்ளை பிறந்தது. அவளுக்குப் பால் சுரக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆலடிவிளைக் கிணற்றடிக்குப் போய்க் கையேந்தி நின்றாள். ஊர்த்தலைவர் சிவனணைஞ்ச பெருமாள் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். பிள்ளை தேரியைத் தாண்டி உயிரோடு திரும்பவில்லை.

இதெல்லாம் நடந்து சில வருஷம் ஆகிவிட்டது.

ஆறுதல்புரத்துச் சபைக்கு உபதேசியார் வேதக்கண். அவரும் ஆலடிவிளைக்காரர்தான். வேதத்தில் சேருமுன் அந்த ஊர்க் கோயிலில் சாமியாடியவர். கறுத்து மெலிந்த ஆள். பேச்சு குறைவு. சுற்றுவட்டாரத்தில் அவரால் வேதத்தில் சேர்ந்தவர்கள் உண்டு. ஆனால் அவர் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது.

அவரிடம் ஊழியம் கற்றுக்கொள்ள வந்தவர் தேவப்பிரசாதம். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், வேதபாடத்தில் தேறியவர், வாயைத் திறந்தால் கூட்டம் கூடும். உபதேசியாரைவிட வயதிலும் மூத்தவர். அதனால் சீடரை வேதக்கண் "அண்ணாச்சி" என்று கூப்பிட்டார். சீடர் குருவை "ஐயா" என்றார். இருவருக்கும் அது இயல்பாகவே இருந்தது.

ஒரு நாள் காலையில் ஆலடிவிளைப் பெரியவர்கள் தேரியைத் தாண்டி வந்தார்கள். முன்னால் சிவனணைஞ்ச பெருமாள். ஜெபவீட்டு வாசலில் நின்றுகொண்டே பேசினார்.

"ரெண்டு வருஷமா வானம் பொய்ச்சிட்டு. எங்க கிணத்துல சேறுகூட இல்ல. ஊரே உங்க வேதத்துக்கு வந்திடுதோம். ஆம்பள, பொம்பள, பிள்ளைக, ஒருத்தர் பாக்கியில்லாம. கோயில் சாவி வேணும்னாலும் தாறோம். உங்க கிணத்துல எங்களுக்கும் ஒரு முறை வேணும்."

தேவப்பிரசாதத்துக்கு உடம்பு சிலிர்த்தது. இப்படி ஒரு நாளை அவர் கதைகளில்தான் கேட்டிருந்தார். கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னார்.

வேதக்கண் வந்தவர்களைப் பார்த்தார். உதடுகள் வெடித்திருந்தன.

"தண்ணி வேணுமா, வேதம் வேணுமா?"

"ரெண்டுந்தான்."

"ரெண்டும் ஒரே ஓலைப்பட்டையில ஏறி வராது. தண்ணிய இப்ப எடுத்துக்கங்க. வேதத்த மழை பேஞ்ச பொறவு பேசுவோம்."

சிவனணைஞ்ச பெருமாளுக்கு அது புரியவில்லை. "அப்போ தண்ணிக்கு என்ன தரணும்?"

"குடம் கொண்டு வரணும்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இதில் ஏதோ சூது இருக்கிறது என்று நினைத்தவர்கள்போல மெல்ல நடந்து போனார்கள்.

அவர்கள் தலை மறைந்ததும் தேவப்பிரசாதம் பொறுக்க முடியாமல் கேட்டார்: "ஐயா, என்ன செய்துவிட்டீர்கள்? ஒரு ஊர் முழுவதும் வாசலில் வந்து நின்றது. உள்ளே வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே."

"தாகத்தோட வந்திருக்காங்க அண்ணாச்சி."

"தாகத்தோடு வருகிறவர்களைத்தானே கூப்பிட வேண்டும்?"

வேதக்கண் கிணற்றடிக்குப் போனார். கயிற்றில் எங்காவது இற்றுப் போயிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் சபையார் கூடினார்கள். சத்தம் பெரிதாக இருந்தது. இருக்கிற தண்ணீர் நமக்கே ஆவணி வரை காணுமா என்றார் ஒருவர். நமக்குத் தண்ணீர் தராமல் விரட்டியவர்களுக்கு நாம் ஏன் இறைக்க வேண்டும் என்றார் இன்னொருவர்.

"கிணறு வத்திட்டுன்னா என்ன செய்ய?"

"வத்துனா ரெண்டு ஊருமா சேர்ந்து தேடுவோம்," என்றார் வேதக்கண்.

ஞானப்பூ கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"உபதேசியாரே, அந்த மனுசன் என் முன்னால கயிறச் சுருட்டிட்டுப் போனானே, அது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு தாயி."

"என் பிள்ளையக் குழியில வச்சது நீங்கதான்."

"நான்தான்."

"அவனுக்கு நான் தண்ணி கோரி ஊத்தணுமோ?"

வேதக்கண் அவள் பக்கம் வந்து நின்றார். "நீ ஊத்தண்டாம். கயிறத் தொடவும் வேண்டாம். ஒன்னய யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான் இறைச்சுக்கிடுதேன்."

மறுநாள் விடியும்போது ஆலடிவிளைப் பெண்கள் குடத்தோடு வந்து, கிணற்றிலிருந்து எட்டவே நின்றார்கள். வேதக்கண் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓலைப்பட்டையைக் கிணற்றுக்குள் இறக்கினார். தேரிக் கிணறு ஆழமானது. ஒரு குடம் நிறைவதற்குள் முதுகு வேர்த்துவிடும். வெயில் ஏறும்வரை இறைத்தார். சபையாரில் சிலர் வெட்கப்பட்டு வந்து கை கொடுத்தார்கள். சிலர் வரவேயில்லை. ஞானப்பூ தன் குடத்தை நிரப்பிக்கொண்டு, வந்தவர்களின் முகத்தைப் பார்க்காமல் போனாள்.

தேவப்பிரசாதமும் இறைத்தார். ஆனால் அவர் சும்மா இறைக்கவில்லை. தண்ணீருக்குக் காத்திருந்த பெண்களிடம் ரட்சிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவர்களும் குடம் நிறையும்வரை தலையாட்டிக் கேட்டார்கள்.

வேதக்கண் அவரைத் தனியே கூப்பிட்டார். "அண்ணாச்சி, இங்க வேண்டாம்."

"ஏன் ஐயா? வேறெங்கே இவ்வளவு பேர் நின்று கேட்பார்கள்?"

"கேக்காம போக முடியாதே அவுகளால."

தேவப்பிரசாதம் வாயை மூடிக்கொண்டார். மனம் மூடவில்லை.

அந்த நாட்களில் பால்வண்ணம் என்று ஒருவர் ஆலடிவிளையிலிருந்து குடம் தூக்கி வருவார். பனையேறி. வீட்டில் பெண்கள் யாரும் இல்லை. ஆண்பிள்ளை குடம் எடுக்க வந்ததை அவரே கேலி செய்துகொள்வார். தேவப்பிரசாதத்தின் தஞ்சாவூர்ப் பேச்சைக் கேட்டு, "சாமி பேசுதது பதனி மாதிரி இருக்கு, கொஞ்சம் சுண்ணாம்புதான் கூட," என்பார். தேவப்பிரசாதத்துக்கு அவரைப் பிடித்துப்போனது. ஒரு நாள் பால்வண்ணம் வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். பிறகு செத்துப்போனார் என்றார்கள்.

வேதக்கண்ணும் தேவப்பிரசாதமும் தேரியைத் தாண்டி இழவு வீட்டுக்குப் போனார்கள். வேதக்கண் பாடையின் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அவரும் பால்வண்ணமும் சின்ன வயதில் ஒரே பனங்காட்டில் பனையேறியவர்கள். தேவப்பிரசாதம் அழவில்லை. திரும்பி வரும் வழியில் மணலில் நின்றுவிட்டார்.

"ஐயா, ஒன்று கேட்கிறேன். அன்று ஊரே வேதத்துக்கு வருகிறோம் என்று நின்றதே, அதில் அந்த மனிதரும் உண்டு. நீங்கள் பிறகு வா என்றீர்கள். இப்போது அவருக்குப் பிறகு என்பது இல்லை. கடைசி நாளில் இதற்கு உங்களிடம் கணக்குக் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?"

வேதக்கண் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"பதில் இல்ல அண்ணாச்சி. கேட்டாங்கன்னா தலையக் குனிஞ்சுக்கிட்டு நிப்பேன்."

தேவப்பிரசாதம் சண்டைக்கு ஆயத்தமாக இருந்தார். அந்தப் பதிலோடு எப்படிச் சண்டை போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த மாதம் வெள்ளைக்கார ஐயர் சபைகளைப் பார்க்க வந்தார். ஞானஸ்நானம் கொடுக்கிறவர் அவர்தான். நல்ல மனிதர், குதிரையை விட்டு இறங்கி வெயிலில் நடக்கத் தயங்காதவர். ஓர் ஊரே மனந்திரும்பக் கேட்டது என்ற செய்தி அவர் காதுக்கு எட்டியிருந்தது. சிவனணைஞ்ச பெருமாளை வரவழைத்துக் கேட்டார்.

"நீர் வேதத்தில் சேர விரும்பினது மெய்தானா?"

"மெய்தான் தொரையே."

"இப்போதும் விரும்புகிறீரா?"

ஊர்த்தலைவர் தலையைச் சொறிந்தார். "இப்பத்தான் அது இல்லாமலே தண்ணி கிடைக்கே."

ஐயர் முகம் சிவந்துவிட்டது. அவரை அனுப்பிவிட்டு வேதக்கண்ணிடம் திரும்பினார். "வலைக்குள் வந்த மீனை நீர் கடலில் விட்டீர்."

"ஆமா ஐயரே."

"ஏன்?"

"செத்து மெதந்து வந்த மாதிரி இருந்துச்சு."

ஐயருக்குக் கோபம் தணிந்தது. வருத்தம் இருந்தது. இனிமேல் ஆறுதல்புரத்துச் சபைக்குத் தேவப்பிரசாதம் தலைமை உபதேசியாராக இருக்கட்டும் என்றும், வேதக்கண் அவருக்குக் கீழே உதவியாக இருக்கட்டும் என்றும் சொல்லிவிட்டுக் குதிரை ஏறினார்.

குதிரை போன திசையைத் தேவப்பிரசாதம் பார்த்துக்கொண்டே நின்றார். குருவின் முகத்தைப் பார்க்கக் கூசியது.

"ஐயா..."

"என்ன செய்யணும்னு சொல்லுங்க அண்ணாச்சி. செய்யுதேன்."

அந்தக் குரலில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் தேவப்பிரசாதத்துக்குக் குத்தியது.

ஆனாலும் அவருக்குத் தான் செய்ய வேண்டியது தெளிவாகத் தெரிந்தது. இன்னொரு பால்வண்ணம் சாகக் கூடாது. விடிந்ததும் கிணற்றடியில் நின்று சொல்லிவிட வேண்டும்: நாளை முதல் ஜெபவீட்டில் பாடம் கேட்கிறவர்களுக்குத்தான் தண்ணீர். கொடுமை அல்ல அது, மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பதுதான். இப்படித் தனக்குள் சொல்லிக்கொண்டு போனார்.

கிணற்றடியில் கூட்டம் இருந்தது. வேதக்கண் இறைத்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் தோல் உரிந்து, துணி சுற்றியிருந்தார். தேவப்பிரசாதம் தொண்டையைச் செருமினார்.

அப்போது கூட்டம் விலகியது. சிவனணைஞ்ச பெருமாளின் மருமகள் வந்தாள். பிள்ளைபெற்ற உடம்பு, தள்ளாடிக்கொண்டு வந்தாள். இடுப்பில் குடமில்லை. கையில் துணிச் சுருளுக்குள் பிள்ளை. அழக்கூடச் சத்தமில்லாமல் வாயை மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கிணற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தன் முறைக்கு வந்திருந்த ஞானப்பூ அந்தப் பெண்ணைப் பார்த்தாள். அவள் குடம் நிறைந்து தயாராக இருந்தது. அதைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். நடந்தாள். கொஞ்ச தூரம் போய் நின்றாள்.

எல்லோருக்கும் அவள் கதை தெரியும்.

ஞானப்பூ திரும்பி வந்தாள். குடத்தை மணலில் இறக்கி வைத்தாள்.

"பால் இல்லியோ?"

அந்தப் பெண் தலையாட்டினாள்.

"வெறுந்தண்ணி குடிச்சா பால் ஊறாது. ஒனக்குக் கஞ்சித்தண்ணி வேணும். உக்காரு." முந்தானை நுனியைத் தண்ணீரில் நனைத்துப் பிள்ளையின் உதட்டில் வைத்தாள். பிள்ளை சப்பியது. ஞானப்பூவின் முகம் கோணியது. அப்படியே மணலில் உட்கார்ந்து, பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, சத்தம் போட்டு அழுதாள். பிறகு அழுதுகொண்டே வேதக்கண்ணைப் பார்த்து அதட்டினாள்: "பாத்துக்கிட்டு நிக்கீகளே, இறைங்க. எத்தன பேரு காத்துக்கிட்டு நிக்காக!"

கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்து வந்து அவர் கையிலிருந்து கயிற்றை வாங்கினாள்.

தேவப்பிரசாதம் வாயில் வைத்திருந்த வார்த்தையை விழுங்கிவிட்டு வீட்டுக்குத் திரும்பினார். அன்று முழுவதும் சாப்பிடவில்லை. சாயங்காலம் வேதக்கண் கூழ் கொண்டு வந்து வைத்தபோது அவரிடம் கேட்டார்:

"ஐயா, அவர்கள் தண்ணீருக்காகத்தான் வந்தார்கள் என்று முதல் நாளே உங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

"எனக்கு ஒண்ணும் தெரியல அண்ணாச்சி. முன்ன ஒரு பஞ்சத்துல நான் சாமியாடுனேன். மழை உண்டுன்னு சொன்னேன். ஊரே கால்ல விழுந்துச்சு. எனக்கு ரொம்ப சந்தோசம். மழையும் பேஞ்சுது. மறுநாள் தெருவுல நடந்து போறேன், ஒருத்தரும் ஏறிட்டுப் பாக்கல. கோயில் பக்கமும் யாரும் போகல. எல்லாரும் வயலுக்குப் போயிட்டாக."

"நன்றி கெட்டவர்கள்."

"இல்ல. நானும் வயலுக்குத்தான் போனேன்." வேதக்கண் கூழை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். "சாப்பிடுங்க. தாகம் இருக்கையில மனுசன் கண்ணுக்குத் தண்ணி மட்டுந்தான் தெரியும். தண்ணிய வச்சிருக்கவன் முகம் தெரியாது."

தேவப்பிரசாதம் கூழைக் குடித்தார். மறுநாள் முதல் அவர் கிணற்றடியில் பேசாமல் இறைத்தார். சபையில் தலைமை உபதேசியார் அவர். கிணற்றடியில் ஞானப்பூ சொன்னபடிதான் எல்லாம் நடந்தது.

கிணறு வற்றவில்லை என்று சொல்ல முடியாது. வற்றிக்கொண்டுதான் இருந்தது. கடைசியில் பட்டை அடித்தரையில் முட்டி, சேறும் தண்ணீருமாக ஏறியது. இரண்டு ஊர் ஆட்களும் மாறி மாறி உள்ளே இறங்கித் தூர் எடுத்தார்கள். அந்தத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிப் பங்கு வைத்தார்கள். ஐப்பசியில் ஒரு மத்தியானம் கிழக்கே இருட்டிக்கொண்டு வந்து மழை கொட்டியது. தேரி முழுவதும் புழுதி வாசனை அடித்தது. ஆறுதல்புரத்துப் பிள்ளைகளும் ஆலடிவிளைப் பிள்ளைகளும் அந்த மணலில் விழுந்து புரண்டார்கள்.

அதற்குப் பிறகு ஆலடிவிளைப் பெண்கள் வரவில்லை. அவர்கள் கிணறு நிறைந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தேவப்பிரசாதம் ஜெபவீட்டில் கூடுதலாக ஓலைப்பாய் விரித்து வைத்தார். வாசலையே பார்த்துக்கொண்டு ஜெபம் செய்தார். பாய் அப்படியே கிடந்தது. அடுத்த ஞாயிறும் கிடந்தது. அதற்கடுத்த வாரம் ஆலடிவிளையில் கொடை விழா. மேளச் சத்தம் தேரியைத் தாண்டி ஜெபவீட்டுக்குள் வந்தது. தேவப்பிரசாதம் பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்தி உட்கார்ந்துவிட்டார். வேதக்கண் எழுந்து ஒரு பாட்டை எடுத்துக் கொடுக்க, சபை பாடி முடித்தது.

கொடை முடிந்தபின் சிவனணைஞ்ச பெருமாள் மட்டும் ஒரு தரம் வந்தார். தேவப்பிரசாதம் பரபரப்போடு எழுந்தார். வந்தவர் உட்காரவில்லை. ஞானப்பூவின் குடிசை எது என்று கேட்டார். காட்டினார்கள். அவள் வாசலில் போய் நின்றார். அவள் வெளியே வந்தாள். அவர் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

"பேரன் நல்லா இருக்கானா?" என்று கேட்டாள் ஞானப்பூ.

"இருக்கான்."

"பால் குடிக்கானா?"

"குடிக்கான்."

"சரி."

அவர் தேரிப் பக்கம் கையைக் காட்டினார். "எங்க கிணத்துல எப்ப வேணும்னாலும் கோரலாம். ஒங்க ஆள்கள்ட்ட சொல்லு. கயிறு கிணத்துமேலயே கிடக்கும்." சொல்லிவிட்டுத் தேரிப் பக்கம் நடந்தார். ஜெபவீட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை.

தேவப்பிரசாதம் வாசல்படியில் உட்கார்ந்தார். பக்கத்தில் வேதக்கண்ணும் உட்கார்ந்தார். தூரத்தில் ஊர்த்தலைவரின் வெள்ளை வேட்டி சிறுத்துக்கொண்டே போனது.

"மழை பெய்த பிறகு பேசுவோம் என்றீர்கள் ஐயா. மழை பெய்துவிட்டது."

"ஆமா."

"கேட்க ஒருவர்கூட வரவில்லை. அத்தனை பேருக்கு இறைத்தோம். ஒரே ஓர் ஆத்துமாவாவது வந்து சேர்ந்திருக்கலாம்."

"வந்து சேர்ந்துச்சே அண்ணாச்சி."

"யார்?"

வேதக்கண் குடிசைப் பக்கம் கண்ணைக் காட்டினார். ஞானப்பூ இன்னும் வாசலிலேயே நின்று, போகிறவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஞானப்பூவா? அவள் எப்போதோ ஞானஸ்நானம் பெற்றவளாயிற்றே!"

"பெத்தா. அன்னைக்குப் பேரு வந்துச்சு," என்றார் வேதக்கண். "ஆளு இப்பத்தான் வந்தா."